கை சொன்னதை யாரும் கேட்கல

அன்புள்ள அம்மாவுக்கு சுகந்தியின் வணக்கம். உன் முட்டிவலி எப்படி இருக்கு? என் பாப்பா அம்மாவைத் தேடாம ஒழுங்கா சாப்பிடுறாளா? போன்ல பேசினா என் குரல் காட்டிக்கொடுத்துடும், அதான் எழுதுறேன். பயப்பட ஒண்ணுமில்ல.

இந்தத் தூத்துக்குடி இறால் கம்பெனிக்கு வந்த மூணு மாசத்துலயே எனக்குக் கை பழகிடுச்சு. இறால் விறைப்பா இருந்தா நல்லது, நெகிழ்ந்து கொழகொழன்னு வழுக்கினா கெட்டதுன்னு பார்க்காமலே விரலுக்குத் தெரியும். சித்திரையில ஒரு லோடு அப்படித்தான் வழுக்குச்சு. சூப்பர்வைசர் செல்வின்கிட்ட சொன்னேன்.

"உன் கை சொல்லுதுன்னு லோடை நிறுத்த முடியுமா? லேப் ரிப்போர்ட் சரியாத்தான இருக்கு"ன்னார்.

போன வாரம் அந்தச் சரக்கு, கெட்டுப்போச்சுன்னு வெளிநாட்டுல வாங்க மறுத்து, கப்பல்ல திரும்பி வந்துடுச்சு. "தொட்டுப் பிரிச்சவ நீதான, ஏன் சொல்லல?"ன்னு செல்வின் எல்லார் முன்னாலயும் கேட்டார். கூட வேலை பார்க்குற திரேஸ்புரத்து பிலோமி அக்கா, "அன்னைக்கே சொன்னாளே சார்"ன்னாங்க. அதுக்கு இப்ப நாங்க ரெண்டு பேரும் தரை கழுவுறோம்.

உன் பழைய நூல்சேலை ஒண்ணு அனுப்பு, கையில சுத்திக்கணும். பிளீச்சிங் பவுடர் தண்ணியில தோல் உரிஞ்சு விரல்நுனி மரத்துப்போச்சு. பொங்கலுக்கு வரும்போது பாப்பாவுக்கு உடம்பு சுட்டா நீதான் தொட்டுப் பார்த்துச் சொல்லணும்.

கம்பெனி வேன் வந்துடுச்சும்மா.

சுகந்தி