இரண்டு கையாலும்

புக்கெகோஹி
2 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள தம்பி வெற்றிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் அபிதாவும் நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் பொய் சொல்வாய். மங்கரேயிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும்? பொங்கலுக்கு வந்து தலையைக் காட்டியவன், அதோடு சரி. "மாமா பிஸி" என்று அபிதா அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள்.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதம் என்று யோசிப்பாய். எங்கள் வெங்காய ஷெட்டில் எல்லோருக்கும் முதலாளி தண்டபாணி அண்ணன்தான் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் வருவதை அவர் பார்ப்பாரா என்று யாருக்கும் தெரியாது. பார்க்க மாட்டார் என்றுதான் சொல்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. அதனால் ஸ்ருதியிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னோடு பேக்கிங்கில் நிற்கிறாள், உன் அடுத்த தெருவில் இருக்கிறாள். பதிலையும் அவளிடமே கொடு.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் ஷெட்டில் இருக்கிற ஆண்கள் எல்லோரும் பிளாட் புஷ்ஷில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குச் சீட்டாடப் போகிறார்கள். நீ ஆடுகிற அதே போக்கர்தான். உன் அத்தான் தோற்காமல் திரும்பிய சனிக்கிழமை இல்லை. போகாதீர்கள் என்றாலும் கிளம்பிவிடுகிறார். நீ சீட்டாடுவது தெரிந்ததும் உன்னோடு பேசாமல் இருந்தவள் நான். இப்போது நானே கேட்கிறேன். எப்படி ஆடினால் தேறலாம் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் பக்குவமாக அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். மச்சான் சொல்லிக்கொடுத்தான் என்று தெரிந்தால் அவருக்கு ரோஷம் வரும்.

உன் அக்கா,
மஹதி

---

மங்கரே
5 மார்ச்

அக்கா,

உன் கடிதத்தைச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மேல் உட்கார்ந்து படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். நீயா கேட்கிறாய்? சரி, எழுதுகிறேன்.

அத்தானிடம் முதலில் இதைச் சொல். வருகிற சீட்டை எல்லாம் ஆடக் கூடாது. முக்கால்வாசியைத் தூக்கிப் போட வேண்டும். சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். நகரத்துக் கேசினோவில் என் எதிரில் உட்காருகிறவர்கள் பாதிப் பேர் சலிப்பு தாங்காமல்தான் தோற்கிறார்கள். அடுத்தது, உட்காருகிற இடம். தனக்கு முன்னால் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியாக முடிவெடுக்கிற இடம் கிடைக்கிறபோதுதான் துணிந்து ஆட வேண்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று துரத்தவே கூடாது. தன்னைவிட மோசமாக ஆடுகிறவர்கள் இருக்கிற மேஜையாகத் தேடி உட்கார வேண்டும். கேட்க அசிங்கமாக இருக்கும், ஆனால் இதுதான் உண்மை.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று. போட்டி ஆட்டம் என்றால் கடைசிவரை இருந்தாக வேண்டும். இது அப்படி இல்லை. முன்னால் இருக்கிற பந்தயச் சில்லு எல்லாம் நிஜப் பணம், எந்த நிமிடமும் அள்ளிக்கொண்டு எழுந்துவிடலாம். தூக்கம் வருகிறதா, கோபம் வருகிறதா, பயமா, எழுந்துவிடு. நான் இந்த வருடம் தேறியதற்கு மூளை காரணம் இல்லை. எழுந்துபோகக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அங்கே ஜெயிப்பது யார்? அதை எழுது. ஒரே ஆள் வாரா வாரம் ஜெயித்தால் அது சீட்டாட்டமே இல்லை.

வெற்றி

---

புக்கெகோஹி
16 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியதை எல்லாம் சோறு போடும்போது மெதுவாக எடுத்துச் சொன்னேன், ஸ்ருதி வீட்டுக்காரர் சொன்னார் என்று. தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். எந்த நிமிடமும் எழுந்துவிடலாமாம் என்றேன். கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "எந்திரிச்சு எங்க போறது மஹதி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவர் கேட்பதுபோலக் கேட்டார்.

ஜெயிப்பது தண்டபாணி அண்ணன்தான். எப்போதும் அவர்தான்.

நீ ஒரு சனிக்கிழமை போய் உட்கார்ந்து பார்த்தால் என்ன? புது ஆள் வந்தால் அவருக்குச் சந்தோஷம் என்று அத்தானே சொன்னார். போனால் மரியாதையாகப் பேசு. உன் வாயை மங்கரேயிலேயே வைத்துவிட்டுப் போ. எங்கள் மூன்று பேர் விசாவும் அவர் கம்பெனியில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

உன் அக்கா,
மஹதி

---

மங்கரே
23 மார்ச், ஞாயிறு

அக்கா,

போனேன். முழுவதும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

புது வீடு, இரண்டு கார் நிற்கிற கராஜ். தரையில் கார்பெட், சுவரில் முருகன், நடுவில் பச்சைத்துணி விரித்த மேஜை. தண்டபாணி வாசல்வரை வந்து என் தோளில் கை போட்டார். "வாங்க மாப்ள. கேசினோவுலயே ஆடுறவராமே. நாங்க எல்லாம் வெங்காயம் விக்கிறவங்க, பாத்து ஆடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்து முடித்ததும் அவர்களும் முடித்துக்கொண்டார்கள்.

நான் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தான் நன்றாகவே ஆடுகிறார் அக்கா. மற்றவர்களோடு மோதும்போது பொறுமை, கணக்கு, எல்லாம் சரி. தண்டபாணி ஆட்டத்துக்குள் வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறார். ஒரு ஆட்டத்தில் தண்டபாணி பந்தயத்தை ஏற்ற ஏற்ற இவரும் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டார். நடுவில் குவிந்ததை எல்லாம் தண்டபாணி தன் சீட்டைக் காட்டாமலே வாரிக்கொண்டார்.

அப்போது நான் ஒன்று செய்தேன். ஒருவன் கவிழ்த்த சீட்டை இன்னொருவன் தொடக் கூடாது என்பது இந்த ஆட்டத்தில் முதல் மரியாதை. கேசினோவில் செய்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். எப்படித் தோற்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தானே நீ அனுப்பினாய், அந்த வேகம். அத்தான் தள்ளிய சீட்டைத் திருப்பிவிட்டேன். இரண்டு ராஜா. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்திருந்த சீட்டில் இன்னொரு ராஜா. மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு யாராவது விடுவார்களா? "என்ன அத்தான், இதைப் போய்..." என்று கேட்டுவிட்டேன்.

"கவனிக்கலண்ணே" என்றார் அத்தான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்டபாணியைப் பார்த்து. "மகேசனுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்டா" என்றார் அவர், அத்தானைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பிக் கார் ஓட்டும்போதுதான் உறைத்தது. அவர்களுடைய கைகளை நான் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன், புரியவில்லை. தங்களுக்குள் ஆடும்போது எல்லோரும் சில்லை ஒரு கையால் வீசுகிறார்கள். தண்டபாணி இருக்கிற ஆட்டத்தில் மட்டும் வலது கையால் தள்ளுகிறார்கள், இடது கை வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு நாம் எதையாவது கொடுப்போமே, அப்படி. அத்தான் மட்டுமல்ல, எல்லோரும். ஆடுகிறவன் வீசுவான். கொடுக்கிறவன்தான் அப்படி நீட்டுவான்.

அக்கா, அது சூதாட்டம் இல்லை. வேலைக்கும் விசாவுக்கும் வசூல். இந்த நாட்டில் வேலை கொடுக்கக் காசு வாங்கினால் குற்றம். கணக்கில் போட்டாலும் மாட்டுவான், கையில் வாங்கினாலும் மாட்டுவான். சீட்டில் ஜெயித்தால்? அண்ணன் வீட்டு விருந்து, பிரியாணி, முருகன் படம். நம் ஊர்க்காரன், நம் மொழி, மாப்ள என்கிறான், தோளில் கை போடுகிறான். வெள்ளைக்காரன் செய்தால் ஊர்வலம் போயிருப்போம்.

உனக்குத் தெரியுமா இது?

வெற்றி

---

புக்கெகோஹி
25 மார்ச்

தம்பி,

தெரியும்.

ஷெட்டில் இருக்கிற எல்லா வீட்டிலும் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். நான் உன்னிடம் கேட்டது ஜெயிக்க இல்லை. சந்தேகம் வராத மாதிரி கொஞ்சம் குறைவாகத் தோற்க ஏதாவது வழி சொல்வாய் என்று கேட்டேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தேறுவது எப்படி என்று எழுதினேன்.

நீ சீட்டைத் திருப்பிவிட்டாய்.

நேற்று அண்ணன் கூல்ரூமுக்கு வந்து அத்தானிடம் பேசினாராம். "உன் மச்சான் கெட்டிக்காரன்டா. வர்ற சனிக்கிழமை குடும்பத்தோட வாங்க. அவனும் வரட்டும், அவன்கிட்ட நான் கத்துக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். இன்று காலை யாருக்கு எந்த ஷிஃப்ட் என்கிற ரோஸ்டர் ஒட்டினார்கள், அடுத்த வாரத்தில் அத்தான் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்கிறார் அத்தான். சட்டைப் பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றுகிறார்.

அண்ணனுடைய வெள்ளை யூட், பின்னால் சரக்கு ஏற்றுகிற வண்டி, எங்கள் தெருவில் இரண்டு முறை மெதுவாகப் போனது. அவருக்கு இந்தப் பக்கம் நிலம் இருக்கிறது, போகலாம். ஆனாலும் ஜன்னல் திரையை மூடிவிட்டேன். "ஒய் இஸ் இட் டார்க்?" என்று அபிதா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சனிக்கிழமை வா. அவரிடம் தோற்றுவிடு. எல்லோரும் பார்க்கத் தோற்க வேண்டும்.

அக்கா

---

மங்கரே
26 மார்ச்

அக்கா,

மாட்டேன். அவனிடம் தோற்றால் இன்னும் பத்துக் குடும்பத்துக்கு அது சரியென்று ஆகிவிடும். புகார் கொடுக்கலாம். பெயரை வெளியே விட மாட்டார்கள். இப்படிச் சுரண்டப்படுகிறவர்கள் முதலாளியை விட்டு விலக ஒரு தற்காலிக விசாவும் உண்டு, நான் விசாரித்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை சரியென்று எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெற்றி

---

27 மார்ச்

தற்காலிகம் முடிந்தபிறகு? உனக்குப் பிள்ளை இல்லை.

வா. தோற்றுப் போ.

அக்கா

---

மங்கரே
30 மார்ச், ஞாயிறு

அக்கா,

நீ சமையலறையில் மற்ற பெண்களோடு நின்றிருந்தாய். கதவு திறந்திருந்தது. எவ்வளவு பார்த்தாய் என்று தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. முதல் சீட்டுகளில் அதைவிடப் பெரியது கிடையாது. தண்டபாணி ஏற்றினார், நானும் போட்டேன். கடைசியில் என்னிடம் இருந்ததை எல்லாம் தள்ளிவிட்டு, சீட்டைக் கவிழ்த்து, "நீங்க ஆடுற மாதிரி வராதுண்ணே" என்றேன். தள்ளும்போது என் இடது கை தானாக வந்து முழங்கையைத் தொட்டது. யாரும் சொல்லித்தரவில்லை. கை அதுவாக வந்தது.

"பழகிட்டாப்ல" என்றார் தண்டபாணி, அத்தானைப் பார்த்து. பிறகு என்னிடம், "உங்க விசா எப்ப முடியுது மாப்ள? நம்மகிட்டயே வந்துருங்களேன்" என்று கேட்டார். நவம்பர் என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்காகத்தான் செய்தேன் என்று எழுத நினைத்தேன். பொய். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எனக்குப் பயமாக இருந்தது. எழுந்துபோ எழுந்துபோ என்று உனக்குப் பாடம் எழுதியவன் எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை அக்கா.

அத்தான் பெயர் ரோஸ்டரில் வந்துவிட்டதா?

வெற்றி

---

3 ஏப்ரல், வியாழன்

அன்புள்ள வெற்றிக்கு,

வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே திருத்தி ஒட்டிவிட்டார்கள்.

நான் எல்லாம் பார்த்தேன். தயிர்ப்பச்சடி எடுத்துக்கொண்டு கராஜ் பக்கம் வந்தேன், உன் கையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தான் கை எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதே உன் கையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் பின்னால் அபிதா நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் தட்டை என்னிடம் நீட்டினாள், இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு. விளையாட்டுக்குத்தான் செய்தாள். நான் அடித்துவிட்டேன். அவளை நான் அடித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அபிதாவையும் தூக்கிக்கொண்டு தொழிலாளர் புகார்களைக் கேட்கிற அலுவலகத்துக்குப் போனேன். ஸ்ருதியும் வந்தாள், தன் பெயரையும் கொடுத்தாள். உன் அத்தானிடம் முந்தின நாளே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அழுதார், காலைப் பிடிக்கவும் வந்தார். ஆனால் காலையில் காரை அவர்தான் எடுத்தார். உள்ளே வரவில்லை. நான் திரும்பி வரும்வரை எஞ்சினை அணைக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, மேஜை, யார் யார் என்று. கை எப்படி வைப்பார்கள் என்று எழுந்து நின்று செய்து காட்டினேன். அங்கே இருந்த அதிகாரிப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

இப்போது பயம் குறைந்திருக்கும் என்று நினைக்காதே. அதிகமாகிவிட்டது. இன்று காலை அந்த யூட் எதிரில் வந்து நின்றது, யாரும் இறங்கவில்லை, போய்விட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று தெரியவில்லை. அபிதாவின் ஸ்கூல் பையில் மாற்றுத்துணி வைத்திருக்கிறேன். ஸ்ருதியின் சித்தி வீட்டில் ஒரு அறை இருக்கிறது, நாளைக்குப் போகிறோம். அத்தான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவருடைய சட்டைகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ இங்கே வராதே, கொஞ்ச நாள் எழுதவும் வேண்டாம். தம்பி தூண்டிவிட்டான் என்றுதான் முதலில் சொல்வார்கள். உன் நவம்பர் அவருக்குத் தெரியும். எனக்கு இப்போது அந்தக் கவலையும் சேர்ந்திருக்கிறது.

கால் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் வரவில்லைதான். அபிதாவைத் தூக்கிக்கொண்டு இருந்ததால் நடந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தபிறகு சாப்பிட வா. அப்போது எனக்கு எதைக் கொடுத்தாலும் ஒரு கையால் கொடு.

அக்கா