செருப்போடு கழற்றிய மூன்று சொற்கள்

ரஹாங், மலேசியா
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. டென்மார்க் குளிரிலும் நீ நலமாகத்தான் இருப்பாய். வாட்சாப்பில் சொன்னால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இந்த மின்கடிதம்.

உன் மகள் லிஷாலினி ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இத்தனை கேள்வி எங்கிருந்து வருகிறது? முந்தாநாள், "மாமா, பல்புக்கு ஏன் காய்ச்சல் அடிக்குது?" என்றாள். அது உன் பள்ளி செய்த வேலை. ஒப்புக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் தினமும் பத்தரைக்குக் கரண்ட் போகிறது என்று ஆயா தாயம்மா கூப்பிட்டார். நேற்று ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு லுக்குட் தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் பால்மரம் சீவப் போனவர்கள் அந்தக் காலத்தில் பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகைதானே உன் பள்ளி? சுவரும் அந்தக் காலத்ததுதான். பத்தரைக்குப் பின்சுவர்க் குழாயில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு. பம்ப் ஓடுகிறது. அதற்குப் போகும் ஒயருக்கு என்னைவிட வயது அதிகம், ஈரச் சுவருக்குள் கிடக்கிறது. கரண்ட் இரும்புக் குழாய்க்குக் கசிகிறது. கசிந்த உடனே பிரேக்கர் விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. பிரேக்கர் பழுதில்லை. அங்கே ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

பதினேழு பிள்ளைகள், வெறுங்கால், ஈரச் சிமெண்டு. கரண்டைப் பற்றிப் படித்தவன் நான், பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குழாயில் 'தொடாதே' என்று அட்டை மாட்டினேன். தாயம்மா கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். "டீச்சர் ஏசுவாங்கலா, தம்பி. அந்த வார்த்த இங்க ஆகாது."

என்ன கூத்து இது?

உன் தம்பி,
புனிதன்


ஆர்ஹூஸ், டென்மார்க்
6 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி புனிதனுக்கு,

உன் கடிதத்தைத் திறந்ததுமே நீ கத்துவது இங்கே கேட்டது. மகளுக்குச் சோறு ஊட்டும் கைக்கு ஆயிரம் முத்தம்.

இந்த மழலைப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு முப்பது நாடுகளிலிருந்து வந்திருக்கிறோம். கென்யாவிலிருந்து வந்தவரும் பெருவிலிருந்து வந்தவரும் என் கதையைத்தான் சொல்கிறார்கள். மணி அடித்தால் உட்கார், பிரம்பைக் கண்டால் எழுந்திரு. இங்கே ஐந்து வயதுக் குழந்தை கத்தி பிடித்து மரம் சீவுகிறது. ஆசிரியர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை இத்தனை ஊர்களுக்குப் பரவியிருக்கிறது, நம் தோட்டத்துக்கு வரக் கூடாதா?

"வேண்டாம், கூடாது, தொடாதே. பெரியவர்கள் இந்த மூன்று சொற்களையும் செருப்போடு வெளியே கழற்றிவிட்டு வரவும்." பள்ளி வாசல் போர்டில் அதை எழுதியது நான்தான். தோட்ட மானேஜர் பங்களாவில் அம்மா தட்டுக் கழுவும்போது நான் பின்படியில் உட்கார்ந்திருப்பேன். பூந்தொட்டியைப் பார்த்தாலும் நாற்காலியைப் பார்த்தாலும் உள்ளேயிருந்து ஒரே சொல் வரும். தொடாதே. நீ அப்போது கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. பல நாள் அதுதான் என் பெயர் என்று நினைத்திருந்தேன்.

24ஆம் தேதி இந்த முறையின் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் நம் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கீகாரம் அவர்கள் கையில். அன்று விளக்கு அணைந்தால் அசிங்கம். புது பிரேக்கர் மாட்டிக் கொடுடா. ஒயரை மார்ச்சில் நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் அக்கா,
மாதவி


ரஹாங்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

மாட்ட மாட்டேன். புதுசும் விழும். வேண்டாம் என்று சொல்வதற்காகவே செய்த சாமான் அது. அதையும் செருப்போடு கழற்றச் சொல்கிறாயா?

கத்தியைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். கரண்ட் தெரியாது, மணக்காது, சத்தம் போடாது. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட இது மண்புழு இல்லை.

பங்களாவில் உன்னை அப்படி விரட்டியது அநியாயம். அந்த வீட்டு ஆட்கள் நாற்காலியைக் காப்பாற்றச் சொன்னார்கள். நான் பிள்ளையைக் காப்பாற்றச் சொல்கிறேன். சொல் ஒன்று, வேலை வேறு.

16ஆம் தேதி ஞாயிறு. நானே வந்து ஒயர் முழுவதையும் மாற்றித் தருகிறேன். அதுவரை பம்பை நிறுத்து. இந்த ஒன்றைக் கேள்.

புனிதன்


ஆர்ஹூஸ்
14 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி,

கோபப்படாதே. ஞாயிறுவரை காத்திருக்க முடியவில்லை. ஒயர்மேன் மணியம் அண்ணனிடம் சொல்லி, புதன்கிழமையே வேலையை முடித்துவிட்டேன். இப்போது விளக்கு அணைவதே இல்லை! உன்னைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். "அந்தத் தம்பி ஃபேக்டரிலே பேப்பர பாத்து வேல செய்றவரு. நான் முப்பது வருசமா கையால செய்றேன்லா."

ஒரு வருத்தமான செய்தி. நேற்று தாயம்மா பிள்ளைகளைப் பார்த்துக் காட்டுக்கத்தல் கத்தியிருக்கிறார். ஒரு பெற்றோர் வீடியோ அனுப்பினார். மூன்று முறை அந்தச் சொல். எல்லாப் பிள்ளைகளும் அழுகிறார்கள், லிஷாலினி நடுங்குகிறாள். என் பள்ளியில், என் மகளிடம்! எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. தாயம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

அக்கா


ரஹாங்
15 பிப்ரவரி 2025

அக்கா,

வீடியோவை மறுபடி பார். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். உன் மகளின் கை எங்கே இருக்கிறது?

குழாய்க்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண்.

தாயம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அன்று காலை குழாயைத் திறந்தபோது கையில் ஏதோ கொத்திய மாதிரி இருந்ததாம். வெளியே என்பதால் ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தார், பிழைத்தார். அதற்குள் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி வந்துவிட்டார்கள். முதலில் உன் போர்டுப்படிதான் பேசியிருக்கிறார். "யோசிச்சுப் பாரும்மா." லிஷாலினி யோசித்தாள். யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். அப்புறம்தான் தாயம்மா கத்தினார். மூன்று முறை.

நேற்று மாலை மீட்டர் வைத்துப் பார்த்தேன். குழாயில் நூற்றெண்பது வோல்ட். மணியம் பிரேக்கரை மாற்றவில்லை. அதைச் சுற்றி ஒயர் இழுத்து நேராகக் கொடுத்திருக்கிறார். விளக்கு அணையாது. இனி எது நடந்தாலும் அணையாது.

மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன், என் பாக்கெட்டில் இருக்கிறது. மின்சார ஆபீசில் புகார் கொடுத்தேன். இருபத்தெட்டாம் தேதிதான் ஆள் வருமாம். தாயம்மாவைத் திரும்பக் கூப்பிடு. மன்னிப்புக் கேள். போனை எடு.

புனிதன்


ஆர்ஹூஸ்
22 பிப்ரவரி 2025

திரு. புனிதன் அவர்களுக்கு,

வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். குழந்தை ஆர்வமாகக் குழாயைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். மணியம் தாமே குழாயைப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று உறுதி சொன்னார். நீங்கள் தொடக்கத்திலிருந்தே இந்தப் பள்ளியை நம்பவில்லை. உங்கள் பயத்தைப் பிள்ளைகள்மேல் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

வேறு ஃபியூஸ் போடப்பட்டுவிட்டது. ஞாயிறன்று நீங்கள் ஒயர் மாற்ற வந்தபோது வெளிக்கதவைப் பூட்டிவைக்கச் சொன்னது நான்தான். இனி அனுமதியில்லாமல் பள்ளி வளாகத்துக்குள் வர வேண்டாம்.

புதிய உதவியாளர் வேலையில் சேர்ந்துவிட்டார். போர்டில் உள்ளதை மனப்பாடமாகச் சொல்கிறார். திங்கட்கிழமை விருந்தினர்களுக்கு என்ன செய்து காட்டுவது என்று பிள்ளைகளே வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். தண்ணீர் விளையாட்டு. அவர்கள் முடிவை மதிக்கிறோம்.

லிஷாலினியை ஏழு மணி வேனில் ஏற்றிவிடவும்.

மாதவி
நிர்வாகி


ரஹாங்
24 பிப்ரவரி 2025, காலை 7.20

அக்கா,

வேன் வந்தது. லிஷாலினியை ஏற்றவில்லை. கீழ்வீட்டு மயிலம்மாளிடம் விட்டிருக்கிறேன், அழுகிறாள். வேனில் ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். மற்றவர்கள் லுக்குட்டில் ஏறுவார்கள். "இன்னிக்கு எங்களுக்குத் தண்ணி வெளாட்டு, மாமா!" என்று ஜன்னலில் கையாட்டிக்கொண்டு போனார்கள். நேற்று முழுக்க உன்னைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நான்கு பெற்றோரிடம் பேசினேன். "டீச்சரோட தம்பிக்கு டீச்சர் மேல பொறாமையா?" என்று ஒருவர் கேட்டார்.

மணியம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்திருப்பார். அதைக் கேட்டாயா?

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் போர்டில் முதல் சொல் அதுதான். உனக்கே அது தேவைப்பட்டிருக்கிறது, பார்.

பத்தரைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறேன். போகிற வழியில் தாயம்மாவையும் ஏற்றிக்கொள்வேன். ராத்திரியே சொல்லிவிட்டார். "இந்தத் தடவ மொதல்லயே கத்திர்றேன் தம்பி. யோசிச்சுப் பாருன்னுலாம் சொல்ல மாட்டேன்."

ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறேன். வாசலில் கழற்ற மாட்டேன்.

புனிதன்