ஐஸ் பெட்டியும் ஏஞ்சல் மீனும்

மச்சான்,

இன்று காலை தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரி, காய்ந்த கடல்பாசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். உன் மாங்காட்டு வீட்டுக் கூடம் முழுக்கக் காசிமேட்டுக் கடல் வாசம். நீ சிரிப்பாய் என்று திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம்!

அந்த ஏஞ்சல் மீனை நீ வாங்கிவந்த அன்றைக்கு நாம் போட்ட சண்டை மறக்குமா? ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை; அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் பவழத்தைக் கொறிக்கிற வகை. நீ பார்த்துப் பார்த்து வளர்த்த பவழத் தொட்டியில் அதை விடுவது, பூந்தோட்டத்தில் ஆட்டை விடுகிற வேலை என்றேன். நீ அசரவில்லை. "வயிறு ரொம்பிச்சின்னா எவனும் திருடமாட்டான் மச்சான்" என்று பாசியைக் கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டினாய். நீ சொன்னபடியே நடந்தது. அதற்கு நீ அடித்துக்கொண்ட தம்பட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

தங்கச்சிக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாது. "வேலை உட்டு வந்தா நேரா அவ மூஞ்சிலதான் போய் நிக்கிறாரு. சக்களத்திண்ணா அது!" என்று என்னிடம் பொருமுவாள்.

நீ போன அன்று உன்னைக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். உன் சித்தப்பா தொட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஐஸ் பெட்டியினுடையதைச் சொருகிவிட்டார். அழுதுகொண்டிருந்த நான் வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பந்தல்காரரிடம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"சாவு ஊட்ல மீனு இன்னாத்துக்குப்பா? போனா போவுது" என்று மறித்தார் சித்தப்பா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதற்குள் உன் தலைமாட்டிலிருந்து தங்கச்சி எழுந்துவிட்டாள்.

"வழி உடுங்க மாமா. அவரு உசுரே அதுமேலதான். நீ மாட்டுண்ணா."

மாட்டினேன். உன்னை எடுத்துப்போகும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது மச்சான்.

இப்போது ஞாயிறுதோறும் ஆவடியிலிருந்து வருகிறேன். உப்புத் தண்ணீர் கலக்கி வாளியைக் கூடத்துக்குத் தூக்குவது என் வேலை. பாசி மாட்டுவதில் தங்கச்சி என்னைச் சேர்ப்பதே இல்லை. பவழம் ஒன்றுகூடக் குறையவில்லை, நீ ஜெயித்துவிட்டாய், போ.

"துண்ணுடீ" என்கிறாள் கண்ணாடியைப் பார்த்து. "பட்னி போட்டேன்னு நாளைக்கு அவரு என்னியத்தான் கேப்பாரு."

அது தின்று முடித்த பிறகுதான் தனக்குத் தட்டு எடுக்கிறாள். இரண்டு பேரும் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியை எடுக்கிறேன்.