பாதி மிச்சமிருக்கும் அமிலக் குப்பி

மெக்னெஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள லுப்னா அக்காவுக்கு,

உன் தங்கை இஹ்ஸான் எழுதுகிறேன். இறைவன் அருளால் நானும் குழந்தை ஹிபாவும் நலம். லியோனில் நீயும் மச்சானும் நலமாயிருக்க வேண்டும். நலம் என்று சும்மா எழுதவில்லை அக்கா, இன்று அது நிஜம். போனில் பேசி அனுப்பினால் இந்த வீட்டில் எல்லாருக்கும் கேட்கும். அதனால்தான் உன் ஊருக்குக் காரில் திரும்பும் யூனுஸிடம் இந்தக் கடிதம்.

முகத்தில் பூச நீ அனுப்பிய கிளைகாலிக் அமிலக் குப்பியையும் அவனிடமே கொடுத்திருக்கிறேன். பாதி இருக்கிறது. பயப்படாதே, உன்மேல் தப்பில்லை. கர்ப்பத்தின்போது கன்னத்தில் படிந்த கருமை கொஞ்சம் வெளுக்கவும் தொடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் போன வாரம் ஒரு ராத்திரி தாராளமாகப் பூசிக்கொண்டு படுத்தேன். மறுநாள் மாமியார் லல்லா ஸுபைதா, ஊர்ப் பெண்கள் குளிக்கும் ஹம்மாமுக்குக் கிளம்பினார். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். ராத்திரி பூசியது நினைவிலேயே இல்லை. குளிப்பாட்டுகிற மினானா கறுப்புச் சோப்பைத் தடவி, சொரசொரப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, "பிள்ளை பெத்தவ முகத்துல எம்புட்டு அழுக்கு பாரு, இப்படித் திரும்புடி" என்று தேய்த்தாள் பார், நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறைப் பெண்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

கண்ணாடியில் பார்த்தால் தோலுரித்த தக்காளி. அதுகூடப் போகட்டும். போனைத் திறந்து தேடினேனே, அதுதான் வினை. புண்பட்ட தோல் வழியாக அமிலம் ரத்தத்தில் கலக்கும் என்று யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள். ரத்தத்தில் கலந்தால் பாலிலும்தானே? வேதியியல் படித்தவள்தான் நான். அளவு என்று ஒன்று உண்டு என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. அன்று ஹிபாவுக்குப் பால் கொடுக்கவில்லை. புட்டியைத் துப்பினாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதாள். மார்பு கல்லாகக் கனத்தது. குளியலறையில் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தபோது லல்லா வந்து நின்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முகத்துக்கு அமிலமா? நாங்க அதைச் சாக்கடை அடைச்சாத்தான் ஊத்துவோம்" என்றவர், என் தலையில் ஒரு சால்வையைப் போர்த்தி, ஹிபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் இழுத்துப் போனார். எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, "ரொட்டி அடுப்புக்குள்ள தலையை விட்டுட்டா" என்று கூசாமல் சொன்னார்.

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். "கன்னத்துல தடவுன நாலு சொட்டுல பால் ஒண்ணும் கெட்டுப்போகாதும்மா. உன் கன்னம் அவ கன்னத்துல படாம வச்சுக்கிட்டு முதல்ல கொடு, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார். அந்த நாற்காலியிலேயே கொடுத்தேன் அக்கா. மூச்சுவிடாமல் குடித்தாள். "பல்லு முளைக்காத திருடி" என்று லல்லா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

டாக்டரம்மா கணக்கில் அமிலமும் தப்பில்லையாம், கையுறையும் தப்பில்லையாம். "ஒரே சுவரை ரெண்டு பேரு சுரண்டினா சுண்ணாம்போட செங்கல்லும்தான் வரும்" என்றார். தழும்பு விழாது. களிம்பு போட்டு, வெயில் படாமல் இருந்தால் போதும். கருமையும் போகப்போகக் குறையலாமாம். இப்போது புதுத் தோல் வந்து அரிக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. என்னவர் அன்வர், வேலை பார்க்கும் வர்ஸாசாத்திலிருந்து ஒருநாள் வீடியோவில் பேசியபோது, "வெளிச்சத்துக்கு வாயேன், முகத்துல நிழல் விழுது" என்றார். நான் ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள்தான் உன்னிடம் அந்தக் குப்பியைக் கேட்டேன்.

இன்று அவர் வீடியோவில் கூப்பிட்டபோது உரிந்த முகத்தோடேயே பேசினேன். என்ன ஆச்சு என்று பதறினார். அந்த நிழலைச் சுரண்டிப் பார்த்தேன் என்றேன். அன்று நான் சொன்ன நிழலா என்று கேட்டார். பிறகு, வரும் வாரக் கடைசியில் வருகிறேன் என்றார்.

குப்பியை நீயே பயன்படுத்து, உன் ஊரில் மினானா இல்லை. உன் வீட்டில் எப்போதும் வெளிச்சம் இருக்கட்டும். இனிமேல் நான் எதையாவது அனுப்பச் சொன்னால், அனுப்புவதற்கு முன்னால் எதற்கு என்று ஒரு வார்த்தை கேள் அக்கா. கேட்டால் சொல்லிவிடுவேன்.

உன் அன்புத் தங்கை,
இஹ்ஸான்