‘நம்ம’ என்று யார் சொல்வது

சித்தூர், 9-6-1981

நகராட்சித் தேர்தலுக்கு எங்கள் வார்டில் என்னையே நிறுத்துவதாக இன்று கட்சி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வார்டில் தமிழர்கள் அதிகம், அதனால்தான். இத்தனை வருஷமாகத் தலைவர் என்னிடம் தெலுங்கில் "மன பார்ட்டி" என்றுதான் பேசுவார். நம்ம கட்சி. தெருப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் இல்லை, அதையும் வாக்குறுதியில் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"அதி மீ அரவவாள்ள விஷயம்," என்றார். அது உங்கள் தமிழர் விஷயமாம். முதலில் ஓட்டு வரட்டுமாம். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் சர்ச் வாசலில் மூப்பர் தேவதாசிடம் சீட்டு கிடைத்ததைச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

"உங்க கட்சி வாத்தியாரப் போடுமா? எங்க பசங்க தெலுங்கு கிளாஸ்ல ஒண்ணும் புரியாம குந்திக்கினு கீறாங்கோ," என்றார்.

எங்க பசங்களாம். என் மகனும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

நாளைக்குத் தெருமுனையில் பேச வேண்டும். எல்லாரும் தூங்கியபின் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நம்ம" என்று தொடங்கினேன். அதற்கு அடுத்த சொல் இன்னும் வரவில்லை.