இடது பக்கம், மாமா

மார்ச் 3, செவ்வாய்

காலை பிரஷர் 130/84. ஆபரேஷன் வரை தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடையின் அளவு நோட்டில் பின்பக்கம் காலியாகக் கிடந்தது. சட்டை அளவு எழுதுகிற நோட்டில் இனி என் அளவு.

பையனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. மருமகளுக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. எனக்குச் சேர்ந்துவிட்டது. மற்ற பரிசோதனைகள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில்தான். ரயிலில் நாலு மணி நேரம். இன்று முதல் தடவை போனேன். துணைக்கு மருமகள். “இவரைத் தனியா அனுப்பினா கிட்னியும் போய்ச் சேராது, இவரும் வந்து சேர மாட்டாரு” என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. முப்பத்திரண்டு வருடமாக எனக்குக் கீழே தையல் கடை, மேலே வீடு, நடுவில் பதினாறு படி. அதைத் தாண்டினால் திசை என்பதே கிடையாது. என் கல்யாணத்தன்று கை கழுவப் போய், பக்கத்து மண்டபத்தில் வேறொருவன் கல்யாணத்தில் போய் நின்றவன் நான்.

இன்றும் அதேதான். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நடந்தேன். ஒரு கதவைத் திறந்தால் இருபது கர்ப்பிணிப் பெண்கள் பாயில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவள், “வாங்க சார், உங்க வீட்டம்மா எங்க?” என்றாள்.

மருமகள் வந்து கூட்டிப் போனாள். சிரிக்கவில்லை. “வெளிய வந்ததும் எந்தப் பக்கம்னு தோணுச்சு மாமா?” என்று டாக்டர் மாதிரி விசாரித்தாள்.

“எனக்கு எது சரின்னு தோணுதோ அது எப்பவும் தப்பும்மா.”

“அப்ப அதையே நம்பலாமே. தோணுறதுக்கு எதிர்ப்பக்கம் போங்க.”

செய்து பார்த்தோம். இரண்டு தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவை பிணவறை வாசல். “உங்க மூளை உஷாராயிடுச்சு மாமா” என்றாள். அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

மார்ச் 4, புதன்

128/82. ஒரு சுடிதார், இரண்டு பள்ளிச் சீருடை.

மார்ச் 17, செவ்வாய்

இரண்டாம் முறை போய் வந்தாயிற்று. ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

மருமகள் பார்சல் ஆபீசில், எந்த வண்டி எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பவள். ஊரே அவள் தலைக்குள் மடித்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவள் என்னோடு நடக்கிறாள் என்றால், பறவையை ஆமையோடு கட்டிவிட்ட மாதிரிதான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அவள் எனக்கு முன்னால் நடப்பதே இல்லை. வீட்டுக்காரி விறுவிறுவென்று முன்னால் போவாள். என் தம்பியோ கைதியைப் பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடிப்பான். இவள் அரை அடி பின்னால் வருகிறாள். நான் தப்பாகத் திரும்பினால் உடனே தடுப்பதில்லை, பத்துத் தப்படி விடுகிறாள். எனக்கே சந்தேகம் வந்து நின்ற பிறகுதான், மெதுவாக, “இடது பக்கம், மாமா.”

ஏன் என்று கேட்டேன்.

“முன்னாடி போனா நீங்க என் முதுகைத்தானே பாப்பீங்க. வழியை எங்க பாக்கப் போறீங்க?”

முப்பத்தொரு வயது. விடிகாலையில் எழுந்து புருஷனுக்கு உப்பில்லாமல் சமைத்து, அவன் குடிக்கும் தண்ணீரை அளந்து வைத்து, வேலைக்கும் போய், என்னோடும் அலைகிறாள். இப்போது ஜன்னலில் தலை முட்டத் தூங்குகிறாள். ஸ்கேன் ஃபைல் அவள் மடியிலிருந்து நழுவப் பார்த்தது. எடுத்து நான் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

146/90.

எல்லாம் ஒத்துவருகிறதாம். இடது சிறுநீரகத்தை எடுப்பார்கள். “எது இடதுன்னு எனக்கே சந்தேகம் டாக்டர்” என்றேன். “எங்களுக்குத் தெரியும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

துணியில் கத்தரி வைக்கும் முன் கை ஒரு நொடி நிற்கும். வெட்டினால் வெட்டினதுதான், திரும்ப ஒட்டாது. இப்போது மேஜையில் கிடக்கப் போகிற துணி நான்.

பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது? வீட்டுக்காரிகிட்ட சொன்னா அழுவா. பையனுக்குக் கொடுக்க ஒரு அப்பன் பயப்படுவானா? பயப்படறேனே — என்ன செய்ய?

ஏப்ரல் 11, சனி

பையன் கூப்பிட்டு, “வேண்டாம்னா சொல்லிடுப்பா” என்றான். “வாயை மூடிட்டுப் படுடா” என்று கத்திவிட்டேன். அவன் மாடிப்படியில் நாலு படி ஏறி, உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியதைக் கீழே இருந்து பார்த்தேன்.

ஏப்ரல் 22, புதன்

இன்றைய தினத்தை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

அனுமதிக் குழு என்று ஒன்று இருக்கிறது. கொடுப்பவன் மனதாரக் கொடுக்கிறானா என்று தனியாக விசாரிப்பார்கள். அது வேறு கட்டடம், மூன்றாம் மாடி. சொந்தக்காரர்கள் கீழ் வாசல் பெஞ்சைத் தாண்டக் கூடாது. போனும் உள்ளே கூடாது. மருமகளிடம் போனைக் கொடுத்தேன். அவள் ஒரு தாளைக் கொடுத்தாள். பார்சல் ரசீதின் பின்பக்கத்தில் வரைந்தது. லிஃப்ட், பச்சைக் கதவு, குடிதண்ணீர் மெஷின், அறை.

“திருப்பிப் பாருங்க மாமா.”

மறுபக்கத்தில் அச்செழுத்தின் மேலேயே இன்னொரு வழி. அதே அறையிலிருந்து பின்படிக்கட்டு, பின்வாசல், பஸ் நம்பர், ஸ்டேஷன், எத்தனையாவது பிளாட்பாரம். மூலையில் ரயில் டிக்கெட் ஒன்று குத்தியிருந்தது. எங்கள் ஊருக்கு. ஒரே ஒரு ஆளுக்கு.

“இது எதுக்கும்மா?”

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நீங்க உள்ள வேண்டாம்னு சொன்னா, எங்ககிட்ட ‘கடைசி டெஸ்ட்ல ஒத்துவரல’ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. காரணம் யாருக்கும் தெரியாது. நானும் கேக்க மாட்டேன். என் முகத்தைப் பாத்துட்டுப் போகணும்னுகூட இல்ல, பின்பக்கமாவே போயிடலாம்.”

“அவன் உன் புருஷன்மா!”

“அதான் மாமா. மாட்டேன்னு சொல்ல வழியில்லாம நீங்க குடுத்தீங்கன்னா, அதை உடம்புக்குள்ள வெச்சுக்கிட்டு அவரு எப்படி நிம்மதியா இருப்பாரு?”

அவள் குரல் ஆடவில்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்திருந்தது.

மேலே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு அம்மாள். “வீட்ல யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?” என்றார். தாளைத் திருப்பி மேஜையில் வைத்தேன். “என் மருமக. நான் தப்பிச்சுப் போக வழி போட்டுக் குடுத்திருக்கா.”

அந்த அம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார். மற்ற இருவரிடமும் காட்டினார். “சரி, நீங்க என்ன சொல்றீங்க?”

“பயமா இருக்குங்க. ஆனா குடுக்கறேன்.”

பயம் என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. கையெழுத்துக் கோணாமல் வந்தது. தாளை அவர்களே கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் கெட்டது. தாள் இல்லாமல் வெளியே வந்து, எங்கே திரும்பினேனோ, ஒரு படிக்கட்டில் இறங்கி ஒரு வாசலில் வந்து நின்றால் — எதிரே பஸ் ஸ்டாப். பின்வாசல்!

ஐயோ, நான் போயிட்டேன்னு நினைச்சுப்பாளே! உள்ளே திரும்ப விட மாட்டேன் என்றான் காவலாளி. கையில் போனும் இல்லை. மதில் சுவரில் கை வைத்து, கையை எடுக்காமல் சுற்றி நடந்தேன். சுவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போனது, வெளியே வந்தது, சாக்கடையைத் தாண்டியது. முக்கால் மணி நேரம்.

முன்வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் பெஞ்சில் அதே இடத்தில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“சரின்னு சொல்லிட்டேன்மா. இறங்கும்போது வழி தப்பிட்டேன்.”

“வழி தப்பிட்டீங்களா?” என்றாள். “வழிதான் தப்பினீங்களா?” — சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. இந்த ஒன்றரை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த முக்கால் மணி நேரமும் எழுந்து தேடாமல், யாரையும் கேட்காமல், சொன்ன சொல்லுக்காக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். என்னால் முடியுமா? முடியாது.

மே 12, செவ்வாய்

126/80. நாளைக் காலை.

மே 19, செவ்வாய்

உட்கார்ந்து எழுத முடிகிறது. இருமினால் உயிர் போகிறது. தையலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, நான் இன்னும் நெருக்கிப் போட்டிருப்பேன்.

வைத்த சில நிமிடத்திலேயே பையனுக்குச் சிறுநீர் இறங்கிவிட்டதாம். நான் கண் விழித்ததும் மருமகள் காதருகே வந்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவள் மாதிரி சொன்னாள்: “மாமா, பை நிறைஞ்சிடுச்சு.”

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பையனுக்கு மறுபரிசோதனை. மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பனும் மகனும் தனியாகப் போனோம். எல்லாம் சரியாக இருக்கிறது.

திரும்பும்போது ஸ்டேஷனுக்கு நான்தான் வழி காட்டினேன். அவனும் நம்பி வந்தான். மூன்று தெரு சுற்றி, ஒரு சந்தைக்குள் புகுந்து, நடைபாலத்தில் ஏறினோம். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது; கைப்பிடியைப் பிடித்து நின்றேன். அவன் உச்சிக்கே போய்விட்டிருந்தான். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, “வாப்பா, இங்கேருந்து ஸ்டேஷன் தெரியுது!” என்று கத்தினான்.

ஏறிப் போய்ப் பார்த்தேன். அது ஸ்டேஷன் இல்லை, ஏதோ ஜவுளிக்கடை. மருமகள் மாதிரி நானும் உடனே தடுக்கவில்லை. இறங்கி, இன்னும் கொஞ்ச தூரம் அவனோடு நடந்தேன்.