வீட்டுக்கு வந்த மீன்

மச்சான்,

மீன் வாடிக் கொட்டகைச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த கோதுமை மாப் பசையின் மணம்தான் இன்று உன் தேர்தல் காலத்தை நினைவுக்குக் கொண்டுவந்தது. தேர்தல் வருகிறது, புதுப் போஸ்டர்கள் ஒட்டியிருக்கிறார்கள். இவ்வளவு காலமும் சின்னத்தைப் பார்த்தே வாக்குச் சீட்டில் புள்ளடி போட்டவன் நான். இன்று பெயர்களை வாசித்தேன்! மாதா கோயில் மண்டபத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போய் எழுத்துப் பழகிவிட்டேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

நான் எழுத்துக் கூட்டுவதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற வலைக்காரர் ஒருவர், "என்னத்துக்கு வாசிக்கிறீங்க? எல்லாம் கள்ளனுகள்தானே" என்றார். பிரதேச சபைக்கு உறுப்பினராகப் போகுமுன் நீ சொன்ன அதே பேச்சு. உனக்கு நடந்ததை அவருக்குச் சொல்ல நினைத்தேன். அவருக்கு அவசரம். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ தேர்தலில் வென்ற கிழமை, வழக்கம்போல் விடியக் கரைக்கு வந்து எங்கள் வள்ளத்தை இழுத்தாய். வள்ளம் இழுத்தவருக்குக் கறிக்கு மீன் கொடுப்பது இங்கே வழமை. உனக்கு எப்போதும் ஒரு கை சின்னச் சூடை மீன்தான். அன்று ஒரு முழுப் பாரை மீனைத் தந்தார்கள். நீ அதைத் தூக்கிப் பார்த்து, "ஏன்டா, போன கிழமை வரைக்கும் எனக்குச் சூடை. மெம்பரானதும் வாய் பெருத்திட்டா?" என்றாய். கரையே சிரித்தது. பாரையைத் திருப்பிக் கொடுத்துச் சூடையை வாங்கிக்கொண்டு போனாய்.

பிறகு கூட்டம், விழா என்று கரைக்கு வருவதை விட்டாய். மீன் உன் வீட்டுக்கே வரத் தொடங்கியது. அந்தக் காலத்தில்தான் ஹோட்டல்காரர் ஒருவர் கரைக்குப் போகும் பாதையில் வேலி போட்டார். வள்ளத்து மோட்டரையும் வலையையும் தென்னந்தோட்டத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். உன்னிடம் கேட்டால், "கதைக்கிறன்" என்பாய். கதைக்கவில்லை.

ஒரு நாள் உன் வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியில் உன் மனைவி பெரிய பாரை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆருட வள்ளத்து மீன்?" என்று கேட்டேன்.

"தெரியாது மச்சான். வருது" என்றாய்.

"ஹோட்டல்ல இருந்தா?"

"இருக்கும். நான் என்ன, கேட்டா வாங்கினன்?"

அந்தப் பதில்தான் எனக்குப் பயமாக இருந்தது. களவு எடுத்திருந்தால், பிழை செய்கிறாய் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

"நாளைக்குக் கரைக்கு வா. வள்ளம் இழுக்க ஆள் காணாது" என்றேன்.

"மெம்பர் வந்து வள்ளம் இழுக்கணுமா?"

"ஓம். தோள் இருக்குத்தானே."

சில நாள் நீ வரவில்லை. பிறகு ஒரு விடியலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தாய். மோட்டரின் ஒரு பக்கத்தை நீ பிடித்தாய், மறு பக்கத்தை நான். வேலியைச் சுற்றிப் போகையில் அடிக்கடி இறக்கி வைத்து மூச்சு வாங்கினாய். "இதையா ஒவ்வொரு நாளும் சுமக்கிறீங்க?" என்றாய்.

அடுத்த சபைக் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தாய். பாதை திறந்தது. வீட்டுக்கு வந்த மீன் நின்றது. அடுத்த தேர்தலில் கட்சி உனக்கு இடமே கொடுக்கவில்லை. "விடு மச்சான், அந்தக் கதிரையில இருந்து இடுப்பும் பிடிச்சுப் போச்சு" என்று சிரித்தாய்.

அதிகாரத்துக்குப் போகிறவர் எல்லாரும் கெட்டுத்தான் போவார்களா? இல்லை என்று சொல்ல எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய். நீயும் பாதி வழி போய்த் திரும்பியவன். உன் வாசலுக்கு வந்து கேட்க நான் ஒருவன் இருந்தேன்; கேட்டதும் உனக்குச் சுட்டது. அவ்வளவுதான் நான் கண்டது.

நேற்று நம் தெருப் பிள்ளை ஒருத்தி வாக்குக் கேட்டு வந்தாள்.

"எலெக்சன்ல வெண்டா, விடியக் கரைக்கு வரவேணும் மகள். வராட்டி நான் உன்ர வாசலுக்கு வருவன்" என்றேன்.

"வாங்களேன் அப்பு" என்று சிரித்தாள்.

போவேன் மச்சான். கதவு திறக்காவிட்டால், இப்போது எழுதியும் கேட்பேன்.